லவ்ஜோத்துக்கு வேண்டிய ஓர் அரியர்

தேர்வு முடிவு வந்த வியாழக்கிழமை காலையில், எப்படியாவது ஃபெயில் ஆகிவிட வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கனடாவின் ப்ராம்ப்டன் நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் லவ்ஜோத் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். மொஹிந்தர் ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட்டில், உலர்ந்த துணிகளை மடித்தபடியே போனைப் பார்த்தாள். ஐந்து பாடம். முதல் நான்கும் பாஸ். அது தெரிந்ததுதான், படித்து எழுதியவை. ஐந்தாவதுக்கு அவள் ஒரு வரி எழுதவில்லை, கடைசி ஆறு வாரம் வகுப்பில் தலையைக்கூடக் காட்டவில்லை. பாடத்தின் பெயர் 'விருந்தினர் புகார்களைக் கையாளுதல்'. இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும், மார்க் மொத்தமும் அதற்குத்தான்.

ஐந்தாவதைத் தட்டினாள். எழுபத்தொன்று. தேர்ச்சி.

"ஐயோ, யாருடி என்னைப் பாஸ் போட்டது!" என்று அவள் போட்ட கூச்சலில், மாடியில் ஆன்ட்டி தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அந்த வீட்டில் அதற்கு வாயை மூடு என்று அர்த்தம்.

பாஸானதற்கு ஒப்பாரி வைக்கிறவளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அவள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. அவளுடைய படிப்பு அனுமதியில் டிசம்பர் முப்பத்தொன்று என்று தேதி போட்டிருந்தது. அந்தத் தேதியை நம்பி உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர் மூட்டை கட்டியிருக்கிறார்கள். படிப்பு முடிந்தது என்று கல்லூரி கடிதம் கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள்தான் அனுமதிக்கு உயிர். அதற்குப் பிறகு அச்சடித்த தேதியை வைத்து நாக்கு வழிக்கலாம்.

லவ்ஜோத் படித்த ஹோட்டல் நிர்வாகம், வேலை அனுமதி கிடைக்கிற பட்டியலில் இல்லை. பஞ்சாபில், சொந்த ஊர்ப் பக்கம் மோகாவில் இருந்த ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை, சொன்னால் அவன் என்ன ஏஜென்ட்? பட்டியலில் உள்ள இரண்டாவது படிப்பு ஒன்றில் சேர்ந்தால்தான் அவள் இந்த நாட்டில் இருக்க முடியும். வடக்கே, பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போனால் வருகிற ஓர் அரசுக் கல்லூரி, முதியோர் பராமரிப்புப் படிப்பில் அவளுக்கு ஓர் இடம் தந்திருந்தது. அங்கேயும் ஒரு கொக்கி. புதிதாகச் சேர்கிறவர்களின் அனுமதியை நீட்டிக்க, செப்டம்பர் முதல் வாரத்தில்தான் மாகாண அரசுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவார்கள். அன்றைக்கு யார் கையில் அனுமதி உயிரோடு இருக்கிறதோ அவர்கள் பெயர்தான் போகும். மே மாதம் படிப்பு முடிந்துவிட்டால் ஆகஸ்ட்டிலேயே அனுமதி செத்துவிடும். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலோ, கோடைக்காலத்தில் அதை மறுபடி படித்து, செப்டம்பர் நடுவில் நிதானமாகப் பாஸாகலாம். டிசம்பர் வரை யாரும் அசைக்க முடியாது.

ஆக, ஒரே ஓர் அரியர். நம் ஊர் இஞ்சினியரிங் பையன்கள் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று அடுக்கி வைத்திருக்கிற சமாச்சாரம். அது இவளுக்குக் கிடைக்கவில்லை.

யார் பாஸ் போட்டது என்று கேட்டாளே தவிர, யார் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். அறிக்கைக்கு அவளோடு ஜோடி சேர்க்கப்பட்டவள் அதே பேஸ்மென்ட்டில், திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் இருக்கிறவள். தமன்ப்ரீத். லவ்ஜோத்தின் அடுத்த ஊர்க்காரி. மார்ச் மாதம் வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், மார்ச்சுக்குப் பிறகு ஒருத்தி குளித்த வாளியை இன்னொருத்தி தொடுவதில்லை.

தமன் அடுப்படியில் பராத்தா சுட்டுக்கொண்டிருந்தாள். லவ்ஜோத் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னடி இது?"

"எழுபத்தொண்ணு. நான் எழுபத்தஞ்சு எதிர்பார்த்தேன்."

"என் பேரை யாரு போடச் சொன்னா?"

"ரெண்டு பேர் செய்யற வேலை. ரெண்டு பேர் பேரும் வேணும்னு சார் சொல்லியிருக்காரு. மேல உன் பேரு, கீழ என் பேரு. மரியாதை குடுத்திருக்கேன்." தமன் பராத்தாவைத் திருப்பிப் போட்டாள். "வாழ்த்துக்கள். ஒரு வழியா படிச்சு முடிச்சுட்ட."

"என்னைக் கொல்லறதுக்குன்னே செஞ்சிருக்க."

"பாஸ் போட்டா கொலையா? ஊர்ல போய்ச் சொல்லிப் பாரு, சிரிப்பாங்க."

"சாருகிட்ட போறேன். எனக்குத் தெரியாம என் பேரைப் போட்டுட்டான்னு சொல்றேன்."

தமன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லு. அந்த வாக்கியம்தான் உனக்கு நல்லாவே வருமே."

மார்ச்சில் நடந்தது இதுதான். உணவுப் பாதுகாப்புப் பாடத்துக்குக் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது. தமனுக்கு வேலை முடிந்து வரவே பொழுது போய்விட்டது. லவ்ஜோத் தன் லேப்டாப்பைத் திறந்து அவள் கையில் கொடுத்து, "பாத்துக்கோ, வார்த்தையை மட்டும் மாத்திடு" என்றாள். தமன் மாற்றின லட்சணம், கல்லூரியின் மென்பொருள் இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பாக்கிக் காட்டிவிட்டது. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் போனவள் லவ்ஜோத். பயத்தில், "எனக்குத் தெரியாம எடுத்துட்டா சார்" என்று சொல்லி, சொன்னதை எழுதியும் கொடுத்துவிட்டு வந்தாள். லேப்டாப்பைக் கையில் கொடுத்ததற்கு சாட்சி ஏது? தமனுக்குத் திருட்டு என்று கறுப்புப் புள்ளி விழுந்தது, அந்தப் பாடத்தில் ஃபெயில், கோடையில் மறுபடி படிக்க வேண்டும்.

அதோடு போயிருந்தால் இரண்டு வாரம் பேசாமல் இருந்து சமாதானம் ஆகியிருப்பார்கள். வடக்குக் கல்லூரியில் அந்த முதியோர் பராமரிப்பு இடம் முதலில் கிடைத்திருந்தது தமனுக்கு. லவ்ஜோத் காத்திருப்போர் வரிசையில் முதலாவது. கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் வடக்குக் கல்லூரி தமனின் இடத்தை ரத்து செய்து, வரிசையில் நின்றவளுக்கு எடுத்துக் கொடுத்தது. லவ்ஜோத் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் கையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அறிக்கையைத் தமனிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாளே, அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். தன்னை இவ்வளவு வெறுக்கிறவள் தன் பெயரை எதற்குப் போடப்போகிறாள் என்று கணக்குப் போட்டாள். சிநேகிதியை நம்பி மோசம் போகிறவர்கள் உண்டு. இவள் எதிரியின் வெறுப்பை நம்பி மோசம் போனாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போனாள். கல்லூரி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிளாசாவில், பல் டாக்டருக்கும் இனிப்புக் கடைக்கும் நடுவில் மாடிப்படி ஏறினால் வரும். தாலிவால் சார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அந்த அறிக்கைப் பாடத்தை எடுத்தவர், துறைக்கும் அவர்தான் பொறுப்பு. மார்ச் விவகாரத்தை விசாரித்ததும் அவரே.

"சார், என்னை ஃபெயில் பண்ணுங்க சார்."

அவர் காபியைக் கீழே வைத்தார். "பாஸ் பண்ணச் சொல்லி இந்த வாரம் பதினாலு பேர் அழுதுட்டுப் போனாங்க. நீ புதுசா இருக்கியே."

"அந்த அறிக்கையில நான் ஒண்ணுமே செய்யல சார்."

"உன் பேர் மேல இருக்கு. நடுவுல ஒரு பக்கம் முழுக்க நீ எழுதினதா குறிப்பு இருக்கு."

"எனக்குத் தெரியாம போட்டுட்டா சார்."

தாலிவால் சார் கணினியில் எதையோ தேடி எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். மார்ச் பதினொன்று என்று தேதி. கீழே அவள் எழுதிக் கொடுத்த வரி. எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எல்லாத்தையும் உனக்குத் தெரியாமத்தான் செய்வாளா? குடுத்தாலும் தெரியாது, எடுத்தாலும் தெரியாது. உனக்கு என்னதான் தெரியும்?"

"சத்தியமா சார். இந்தத் தடவை நிஜம்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர் புருவத்தைத் தூக்கினார்.

"இந்தத் தடவையா?"

ஆனால் அவர் அதைப் பிடித்துத் தொங்கவில்லை, அவருக்கு வேறு எரிச்சல். "எதுக்கு ஃபெயில் ஆகணும்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? அனுமதியை இழுக்கணும், அவ்வளவுதானே. உங்களை மாதிரி வந்தவங்களாலதான் முப்பது வருஷம் இங்க மானமா வாழ்ந்த எங்க பேரு நாறுது."

"நாங்க கட்டற ஃபீஸ்லதான் சார் இந்தக் கட்டடமே நிக்குது."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். அவர் முகம் இறுகிப்போயிற்று.

"கேட்டுக்கோ. விசாரணை வேணும்னா வைக்கறேன். உன் பேச்சை நம்ப மாட்டாங்க. நம்பலேன்னா, செய்யாத வேலைக்கு மார்க் வாங்கினவன்னு உனக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. இல்லையா, ரெண்டு பேரும் தானா முன்வந்து, லவ்ஜோத் செய்யலன்னு அவளும், நான் செய்யலன்னு நீயும் எழுதிக் குடுங்க. மார்க்கை எடுத்துடறேன், ரெண்டு பேருக்கும் வெறும் எச்சரிக்கையோட போகும். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முடிச்ச கடிதம் கிளம்பிடும். அதுக்குள்ள."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தமன் ஒரு வரி எழுதினால் தப்பிக்கலாம். தமன் எழுதாவிட்டால், பாஸானாலும் போச்சு, வாயைத் திறந்தாலும் போச்சு. இவ்வளவு கச்சிதமாகப் பொறி வைக்கத் தெரிந்தவள் கட்டுரையில் நாலு வார்த்தையை மாற்றத் தெரியாமல் மாட்டினாளே என்பதுதான் ஆச்சரியம்.

தமனே வருவாள் என்று லவ்ஜோத் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு போடுகிற லங்கர் சமையற்கட்டில் ரொட்டி தேய்க்க உட்கார்ந்திருந்தாள். நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனதும் தமன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, ஓர் உருண்டை மாவை எடுத்துக்கொண்டாள். எதிரே மொஹிந்தர் ஆன்ட்டி. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, உதட்டை அசைக்காமல் சண்டை போட்டார்கள்.

"சார் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் தமன். "என்னையும் கூப்பிட்டுக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்னு சொன்னேன். உன்னோட பக்கம்தான் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னும் சொன்னேன்."

"விளங்காம போயிடுவ."

"ஏற்கெனவே போயாச்சு. நீ அனுப்பிட்டியே." தமன் உருண்டையை மேஜையில் வைத்து அமுக்கினாள். "கேளு. நான் எழுதித் தரேன், லவ்ஜோத் ஒண்ணும் செய்யல, நானா பேரைப் போட்டேன்னு. உனக்கு அரியர் விழும். நீ வேண்டினது அதுதானே?"

"பதிலுக்கு?"

"மார்ச்சுல லேப்டாப்பை நானே கையில குடுத்தேன்னு நீ எழுதணும்."

லவ்ஜோத்தின் கை நின்றது.

"குடுத்தவளுக்கு எச்சரிக்கைதான். வாங்கினவளுக்கும் எச்சரிக்கைதான். திருட்டுன்னு போட்டாத்தான் கறுப்புப் புள்ளி. அரியர் அப்படியே இருக்கும், என் புள்ளி மட்டும் போயிடும். வடக்குக் கல்லூரியில கேட்டுட்டேன், அவங்க பேர் அனுப்பறதுக்கு முன்னாடி புள்ளி போனா என் இடம் எனக்குத் திரும்ப வரும்."

"அப்ப நான்?"

"வரிசையில நில்லு. நின்னவதானே. டிசம்பர் வரைக்கும் அனுமதி இருக்கும், வேற இடம் தேடு. நான் தேடலையா?"

"இது என் இடம்."

"என் இடம்டி அது. என் முதுகுல ஏறி மிதிச்சு எடுத்த இடம்."

"மெல்லப் பேசு."

"ரொட்டி தேய்க்கறப்ப வாஹேகுருன்னு சொல்லணும்," என்று எதிரிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ரொட்டியையும் வாயால தேய்ச்சுடுவாங்க போலிருக்கு. நாங்க வந்தப்ப இந்தச் சமையற்கட்டுல ஊசி விழுந்தா கேக்கும்."

"வாஹேகுரு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஆன்ட்டிக்குத் திருப்தி.

நியாயமாகப் பார்த்தால் தமன் கேட்டது மோசமில்லை. அவள் கேட்டது உண்மையை. கொடுப்பதாகச் சொன்னதும் உண்மையை. இப்போதைய நிலைமையில் ஒருத்தியிடம் அரியர் இருக்கிறது, இடம் இல்லை. இன்னொருத்தியிடம் இடம் இருக்கிறது, அரியர் இல்லை. இரண்டும் ஒரே கட்டிலில் இருந்தால்தான் யாராவது ஒருத்தி பிழைப்பாள். லவ்ஜோத்துக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. தமனின் குரலில் கெஞ்சல் கொஞ்சமாவது இருந்திருந்தால் யோசித்திருப்பாள் என்று பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அது பொய். கெஞ்சியிருந்தால் இன்னும் ஏறி மிதித்திருப்பாள்.

அந்த வாரம் அவள் வேறு எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தாள். வடக்குக் கல்லூரிக்குப் போன் போட்டாள். செப்டம்பர்தான், அதற்கு முன்னால் யார் பெயரும் போகாது என்றார்கள். விசா ஆலோசகர் ஒருவர், விசிட்டராக இருந்துகொள்ளலாமே, வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் மூச்சு விடலாமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை மம்மி கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே லவ்ஜோத்துக்குத் தெரிந்துவிட்டது, செய்தி ஊருக்குப் போயிருக்கிறது.

"எழுபத்தொண்ணாமே! எங்கிட்ட ஏன்டி சொல்லல? குருத்வாராவுல பிரசாதம் பண்ணிக் குடுத்தேன். உங்கப்பா ஆட்டுக்குக்கூட லட்டு ஊட்டறாரு."

"யாரு சொன்னா?"

"தமனோட அம்மா. தமன்தான் உனக்கு ரொம்ப உதவி பண்ணினாளாம். தங்கமான பொண்ணு. அவளுக்கு அரியர் விழுந்துடுச்சாமே, பாவம். உனக்குத்தான் நல்லா படிப்பு வருதே, கூட உக்காந்து அவளுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடேன்."

"சரி மம்மி."

"என்ன, சுரத்தே இல்ல? பாஸ் ஆனவ பேசற மாதிரியா பேசற?"

"தலைவலி."

போனை வைத்துவிட்டுத் திரையை விலக்கிப் பார்த்தாள். தமன் கட்டிலில் சாய்ந்துகொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "லட்டு எப்படி இருந்துச்சாம்?" என்றாள். லவ்ஜோத் திரையை இழுத்துவிட்டாள். ஒருத்தியை வெறுப்பதற்கு உடம்பில் எத்தனை இடம் உண்டோ அத்தனையிலும் வெறுத்தாள்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அந்த மின்னஞ்சல் அவள் போனில் இருந்தது. தாலிவால் சார் அவர்களுக்கு என்று தொடங்கி, மார்ச் மாதம் என் லேப்டாப்பை நானே தமன்ப்ரீத்திடம் கொடுத்தேன் என்பது வரை எழுதிவிட்டாள். அனுப்பவேண்டியதுதான் பாக்கி. தமன் தன் பங்கை எழுதி, திரையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள், லவ்ஜோத் படிக்கிற மாதிரி. நான்கே வரி. அடியில் கையெழுத்துக்கூடப் போட்டாகிவிட்டது.

அனுப்பினால் என்ன நடக்கும் என்று லவ்ஜோத் யோசித்தாள். அவளுக்கு அரியர் கிடைக்கும், டிசம்பர் வரை வாழ்வு கிடைக்கும். அவள் இங்கே ஏதோ ஒரு டோனட் கடையில் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க, தமன் வடக்கே பஸ் ஏறிப் போவாள். வெள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோ போடுவாள். மம்மி அதற்கும் ஒரு தடவை பிரசாதம் பண்ணுவாள். செப்டம்பர் என்று சொன்னவர்கள் ஜூலையிலேயே பெயரை அனுப்பிவிட்டால்? எத்தனை பேருக்கு என்னென்னவோ நடக்கிறது, தனக்கு நடக்கக் கூடாதா? இந்த நப்பாசைதான் அவளுக்கு வேண்டிய சாக்கு.

எழுதினதை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கடிதம் வந்தது. தங்கள் படிப்பை வெற்றிகரமாக நிறைவு செய்தமைக்கு என்று ஆரம்பித்து, வண்ண நாடாவெல்லாம் அச்சடித்து, அடியில் தாலிவாலின் கையெழுத்தோடு. தமன் குண்டூசியைப் பிடுங்கி, தன் காகிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். லவ்ஜோத் அனுப்பிவிடுவாள் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள் போலிருக்கிறது. இவளுக்கும் எதிரியைப் பற்றிய கணக்கு தப்பிவிட்டது.

தொண்ணூறு நாளும் இரண்டு பேரும் அந்த பேஸ்மென்ட்டிலேயே இருந்தார்கள். தமன் காலையில் எழுந்து அரியர் வகுப்புக்குப் போவாள். அந்தப் பையும் டப்பாவும் கிளம்புகிற சத்தமும் லவ்ஜோத்தைக் குத்துவதற்காகவே என்பது போல இருக்கும். பதிலுக்கு லவ்ஜோத், வடக்கு ஊரின் வானிலையைப் போனில் சத்தமாக வைத்துக் கேட்பாள். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. பெயர் யாருடையதும் போகவில்லை. ஜூலைக் கடைசியில் வடக்குக் கல்லூரிக்காரர்கள், அனுமதி செல்லுபடியாகும் சான்றை அனுப்புங்கள், இல்லாவிட்டால் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதினார்கள். அனுப்ப அவளிடம் என்ன இருக்கிறது? வண்ண நாடாதான் இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வாரம், விமானத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் ஆன்ட்டி புதிதாக வந்த பெண்ணிடம், கட்டில் நாளைக்குக் காலியாகிறது, சத்தம் போடக் கூடாது, வாஷிங் மெஷின் வாரத்துக்கு ஒரு தடவை என்று விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். தமன் வகுப்பு முடிந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"லவ்ஜோத்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். லவ்ஜோத் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் இடம் போயிடுச்சுன்னு தெரியும். அடுத்தவங்களுக்கு இன்னும் எழுதலையாம். காலையில கேட்டேன். பதினஞ்சு நாள் இருக்கு."

"அதனால?"

"என் புள்ளி போனா எனக்குத் தருவாங்க." தமனின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நான் செஞ்சது தப்புதான். பேரைப் போட்டது அநியாயம்தான். உன்னை நெருக்கினா உண்மையை எழுதிடுவன்னு நினைச்சேன். கால்ல விழச் சொன்னா விழறேன்."

"எழுந்திரு, வழியில உக்காராத."

"ஒரே ஒரு வரி லவ்ஜோத். நாளைக்கு நீ போயிடுவ. உனக்கு எச்சரிக்கை வந்தா என்ன, வராட்டி என்ன? உனக்கு ஒரு காசு நஷ்டம் இல்ல. எங்கப்பாவுக்கு நடக்க முடியல, எனக்குத் திரும்பிப் போக வீடுன்னு ஒண்ணு இல்ல, உனக்கே தெரியும். நீ பாத்திருக்க."

லவ்ஜோத்துக்குத் தெரியும். அந்த வீட்டைப் பார்த்திருக்கிறாள், அங்கே சாப்பிட்டிருக்கிறாள். சட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"நான் பொய்யா எழுதச் சொல்றேன்? குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

"அதை எழுது."

"மாட்டேன்."

"ஏன்டி? உனக்கு என்ன கிடைக்கப்போகுது? காரணமாவது சொல்லு."

லவ்ஜோத் பெட்டியை மூடி, மேலே ஏறி உட்கார்ந்து, ஜிப்பை ஒரு சுற்று இழுத்து முடித்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"எழுதினா நீ இங்க இருந்துடுவியே," என்றாள்.